விருந்தாளிக் கணக்கு

எழுபது வயது கடந்த ஒரு மனிதன் மாணவர் ஹாஸ்டலில் போய்த் தங்கினான் என்றால் கேட்பவர்கள் இரண்டு விதமாக நினைப்பார்கள். ஒன்று, கையில் காசில்லை. இரண்டு, வீட்டில் சண்டை. என் விஷயத்தில் இரண்டும் இல்லை. கல்யாண முகூர்த்தம்தான் காரணம். கல்யாணம் எனக்கல்ல, ஊராருக்கு.

2025-ஆம் வருஷம் மே மாதம், லால்குடியில் இருந்த எங்கள் பூர்வீக வீட்டை விற்பதென்று முடிவாயிற்று. பாத்தியதை உள்ளவர்கள் நாலு பேர். நாலு பேரும் நாலு ஊரில் இருக்கிறவர்கள். வீடு பத்து வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. மின்சாரத்தைத் துண்டித்து வெகு காலமாகியிருந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தது, ராட்டினம் இல்லை. வில்லங்கச் சான்றிதழ் பார்த்து, பத்திரம் எழுதி, நாலு பேரும் ஒரே நாளில் சார்பதிவாளர் முன்னால் போய் நிற்க வேண்டும். அதற்கு நாலு நாளாவது பிடிக்கும். திருச்சியில் தங்கிக்கொண்டு லால்குடிக்குப் போய்வந்துவிடலாம் என்று சென்னையிலிருந்து கிளம்பினேன். லால்குடிக்காரன் லால்குடிக்குப் போவதற்குத் திருச்சியில் ஜாகை தேட வேண்டியிருக்கிறதே என்பது அப்போது மனத்தில் உறைக்கவில்லை.

லாட்ஜ்களில் விசாரித்தேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்: கல்யாண கோஷ்டி. கடைசியில் என் அக்கா மகனுக்குப் போன் செய்தேன். அவன் அந்த ஊரில் ஒரு கல்லூரியில் ஆசிரியர்.

"மாமா, நம்ம வீட்டுக்கே வந்துடுங்கன்னுதான் சொல்லணும். ஆனா இங்கே மாடி கட்டிக்கிட்டு இருக்கோம், எங்க பார்த்தாலும் சிமெண்டு. எங்க காலேஜ் ஹாஸ்டல் லீவுல காலியாத்தான் கிடக்கு. வெளியாளுக்கும் ரூம் கொடுக்கறாங்க. நாள் வாடகை 300 ரூபாய். ஆனா நாற்காலி மேஜையைத் தவிர ஒண்ணும் இருக்காது. உங்களால முடியுமா?"

"முடியுமாவா! அந்த ஊர் ஹாஸ்டலில் கட்டிலுக்குக் கீழேயே படுத்தவன்டா நான்!" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. அதைத்தான் இப்போது சொல்ல வந்தேன்.

கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தங்க இடம் கொடுத்தவர்களைக் குறை சொல்வது தர்மமல்ல; குறை சொல்லாமல் ஹாஸ்டலைப் பற்றி எழுதுவதும் சாத்தியமல்ல. ஆகையால் பெயரை விட்டுவிடுவதுதான் உத்தமம். திருச்சியில் கல்லூரிகளுக்கா பஞ்சம்? 1844-ல் நாகப்பட்டினத்தில் ஆரம்பித்து 1883-ல் திருச்சிக்கு இடம் மாறிய செயின்ட் ஜோசப் கல்லூரி, 1919-ல் ஏற்பட்ட நேஷனல் கல்லூரி, பெண்களுக்கென்று 1923-ல் தொடங்கிய ஹோலி கிராஸ், 1951-ல் வந்த ஜமால் முகமது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். துவாக்குடியில் 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய இடம் இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகம். அங்கே ஹாஸ்டல்களுக்கு டைமண்ட், எமரால்டு, ரூபி என்று ரத்தினங்களின் பெயர். பெயரைக் கேட்டால் பையன்கள் மாளிகையில் குடியிருப்பதாகத் தோன்றும். தெப்பக்குளத்தின் அருகே ராபர்ட் கிளைவ் தங்கியிருந்ததாகச் சொல்லப்படும் வீடும் பிற்காலத்தில் செயின்ட் ஜோசப் மாணவர்களின் ஹாஸ்டலாயிற்று. சாம்ராஜ்யத்துக்கு அஸ்திவாரம் போட்டவர் இருந்த இடத்தில் பையன்கள் துண்டு காயப்போட்டார்கள். சரித்திரம் சில சமயம் நல்ல நகைச்சுவையோடு நடந்துகொள்கிறது.

எனக்குக் கிடைத்த அறைக்கு ரத்தினப் பெயரும் இல்லை, சரித்திரமும் இல்லை. இரண்டாவது மாடியில் ஒரு கோடி. இரும்புக் கட்டில் இரண்டு, மேஜை இரண்டு, நாற்காலி ஒன்று. மற்ற நாற்காலி எங்கே என்று கேட்டேன். "பசங்க பரீட்சைக்குத் தூக்கிட்டுப் போனாங்க ஐயா, திரும்பி வரலே" என்றார் காவற்காரர். மின்விசிறிக்கு ஐந்து வேகம் உண்டென்று ரெகுலேட்டர் சொல்லிற்று. விசிறி ஒரே வேகத்தில் நம்பிக்கை வைத்திருந்தது. பகலெல்லாம் மொட்டை மாடி குடித்த வெயிலை இரவெல்லாம் என் மேல் திருப்பிக் கொடுத்தது.

லீவில் இப்படித் தங்க நினைக்கிறவர்களுக்கு அனுபவஸ்தன் என்ற முறையில் சில யோசனைகள் சொல்கிறேன். மே மாதமானால் கீழ்த் தளத்தில் அறை கேளுங்கள். நல்ல பூட்டு ஒன்று கையோடு கொண்டுபோங்கள். ஹாஸ்டல் அறைக்குப் பூட்டுக் கொடுக்கும் வழக்கம் உலகத்திலேயே குறைவு. வாளி, மக், படுக்கை விரிப்பு, தலையணை, கொசுவலை எல்லாம் உங்கள் பொறுப்பு. லீவில் மெஸ் அடுப்பு அணைந்திருக்கும். அருகில் எந்த ஓட்டல் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதைக் காவற்காரரிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவு எத்தனை மணிக்கு வெளிக் கதவைச் சாத்துவார்கள் என்பதை அதற்கும் முன்னால் கேளுங்கள்.

வந்த அன்று ஆபீஸில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை நீட்டினார்கள். பெயர், வயது, வந்த காரியம், நிரந்தர முகவரி. கை பழக்கதோஷத்தில் லால்குடி வீட்டு விலாசத்தை எழுதிவிட்டது. அடித்துத் திருத்துவானேன் என்று விட்டுவிட்டேன். இன்னும் மூன்று நாளைக்கு அது உண்மைதானே!

அறையில் சாமானை வைப்பதற்காகச் சுவர் அலமாரியைத் திறந்தேன். கதவின் உட்புறத்தில் பென்ஸிலால் கணக்கு எழுதியிருந்தது. அந்த அறையில் இருந்து லீவுக்குப் போயிருக்கிற ஏதோ பிள்ளை எழுதியது. பஸ், ஜெராக்ஸ், சோப்பு, போன் ரீசார்ஜ், டீ. ஒவ்வொன்றுக்கும் எதிரே ரூபாய். நடுவில் ஒரு வரி: 'கெஸ்ட் சாப்பாடு 2'. அதற்கு எதிரே ஒரு தொகை. அதைச் சுற்றி ஒரு வட்டம். இந்த மாதம் கட்டி முடியவில்லை என்று அந்த வட்டத்துக்கு அர்த்தம் என்பதை ஹாஸ்டலில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டையைக் கழற்றாமல் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

1971 முதல் 1974 வரை நான் திருச்சியில் பி.ஏ. படித்தேன். லால்குடியிலிருந்து தினம் ரயில். கையில் மாதாந்தர சீசன் டிக்கெட். வாளாடி, பிச்சாண்டார்கோயில் தாண்டிக் கொள்ளிடத்துப் பாலம், பிறகு ஸ்ரீரங்கம், பிறகு காவேரிப் பாலம். ஸ்ரீரங்கத்தில் தெற்கு ராஜகோபுரம் அப்போது மொட்டைக் கோபுரம். பல நூறு வருஷமாக அடித்தளத்தோடு நின்றிருந்த அதை 1987-ல்தான் பதின்மூன்று நிலையும் எழுப்பி 236 அடி ஆக்கினார்கள். மொட்டைக் கோபுரம் தெரிந்தால் புத்தகத்தை மூட வேண்டும், இனி இறங்க ஆயத்தமாக வேண்டும் என்பது ரயில் மாணவர்களின் கணக்கு.

கல்லூரியில் மாணவர்கள் இரண்டே ஜாதி: டே ஸ்காலர், ஹாஸ்டலர். பெரிய மனிதர்களும் இந்தப் பாகுபாட்டுக்கு விலக்கல்ல. 1950 முதல் 1954 வரை செயின்ட் ஜோசப்பில் படித்த அப்துல் கலாம் ஹாஸ்டலர். அதே காலத்தில் அங்கே படித்த எழுத்தாளர் சுஜாதா ஸ்ரீரங்கத்துப் பாட்டி வீட்டிலிருந்து போய்வந்தவர். கலாம் தம் சுயசரிதையில், ஹாஸ்டலில் ஒரே அறையில் தம்மோடு ஸ்ரீரங்கத்து வைதிக ஐயங்கார் பையன் ஒருவனும், கேரளத்து சிரியன் கிறிஸ்தவப் பையன் ஒருவனும் இருந்ததை நினைவுகூர்கிறார். மூன்றாம் வருஷம் அவரே சைவ மெஸ்ஸுக்குச் செயலாளராகவும் இருந்திருக்கிறார். ராமேசுவரத்து முஸ்லிம் பிள்ளை சைவ மெஸ்ஸின் பருப்புக்கும் புளிக்கும் பொறுப்பு! இந்த மாதிரி காரியங்கள் ஹாஸ்டலில்தான் நடக்கும். அங்கே ஒருவனுக்கு ஊர்ப் பெயர்தான் பெயர்.

எனக்கும் அப்படித்தான். என்னை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'லால்குடி'தான். என் உயிர் நண்பன் 'மணப்பாறை'. அவன் ஹாஸ்டலர். மாலையில் லைப்ரரியில் உட்கார்ந்துவிட்டாலோ, கச்சேரி, சினிமா என்று கால் இழுத்துக்கொண்டு போய்விட்டாலோ எனக்கு வண்டி தவறிவிடும். அப்புறம் மணப்பாறையின் அறைதான். விருந்தாளியைத் தங்க வைப்பதானால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்பது விதி. விதியை மதித்தால் வாரம் இரண்டு கடிதம் எழுத வேண்டும். ஆகையால் நான் கட்டிலுக்குக் கீழே படுத்தேன். பத்து மணிக்கு வார்டனின் செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் கேட்கும். மணப்பாறை விளக்கை அணைத்து, போர்வையைத் தரை வரைக்கும் தொங்கவிடுவான். சத்தம் எங்கள் கதவருகில் ஒரு விநாடி நிற்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பிறகு சத்தம் நகரும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அந்த நாள் மெஸ்ஸில் 'டிவைடிங் சிஸ்டம்' என்று ஒன்று உண்டு. இன்றைக்கும் பல ஹாஸ்டல்களில் இருக்கிறது. ஒரு மாதத்தில் அரிசி, பருப்பு, காய்கறி, விறகு, சமையற்காரர் சம்பளம் என்று ஆன மொத்தச் செலவை, பிள்ளைகள் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுப்பார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வரும். அவரவர் சாப்பிட்ட நாளால் அதைப் பெருக்கினால் மாத பில். லாபம் யாருக்கும் இல்லை, நஷ்டமும் யாருக்கும் இல்லை. ஆனால் விருந்தாளியின் கணக்கு இதில் சேராது. அவனுக்குத் தனி டோக்கன், தனி விலை. அது அழைத்து வந்தவன் பெயரில் பற்று எழுதப்படும். அறையில் ஒளிந்து தூங்கலாம். பந்தியில் ஒளிந்து சாப்பிட முடியாதே!

இது எனக்கு அப்போது தெரியாது என்று சொன்னால் பாதிதான் உண்மை. ஒருநாள், "ஏண்டா, நான் சாப்பிடறதுக்குக் காசு பிடிப்பாங்களா?" என்று கேட்டேன். "போடா, நூறு பேர் சாப்பிடற இடத்துல நூத்தியோராவது ஆள் சாப்பாட்டுக்கு யாரு கணக்குப் பார்க்கறாங்க?" என்றான். அதை நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. நம்பினேன்.

கடைசி வருஷம் பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மணப்பாறையின் அப்பா வந்திருந்தார். ஹாஸ்டல் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு, மடியில் காகிதப் பொட்டலம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். என் வயதுக்கு அவர் எழுந்தது எனக்குக் கூச்சமாக இருந்தது.

"லால்குடித் தம்பிதானே? இவன் ஓயாம உங்களைப் பத்தித்தான் பேசுவான். இந்தாங்க, ஊர் முறுக்கு. பரீட்சை நேரம், வயித்தைக் காயப் போடாதீங்க" என்று பொட்டலத்தை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். அன்று மாலையே சாப்பிட்டும் தீர்த்தேன். மணப்பாறை முறுக்குக்கு நான் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை.

அவர் எதற்காக வந்தார் என்பது எனக்குத் தெரிந்தது 1998-ல். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து மணப்பாறை சிரித்துக்கொண்டே சொன்னான்: "நீ தின்ன சோத்துக்கு எங்கப்பா கறவை மாட்டை வித்தாருடா!" மெஸ் பாக்கி இருநூற்றுச் சொச்சம் நின்றுபோயிற்றாம், பாக்கி கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்று சொல்லிவிட்டார்களாம், அப்பா சந்தைக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போய் விற்றுப் பணத்தை எடுத்துக்கொண்டு நேராக ஹாஸ்டலுக்கு வந்தாராம். பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பாயசம் வந்தது.

சிரிப்போடு சொன்னால் கடன் கடனில்லாமல் போய்விடும் என்று அவன் நினைத்தான். சிரிப்போடு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை என்று நான் நினைத்தேன் போலிருக்கிறது.

இப்போது, அந்தப் பென்ஸில் வட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, நான் முதல் முறையாகக் கணக்குப் போட்டேன். கடைசி வருஷம் வாரத்துக்கு இரண்டு இரவு. கல்லூரி நடந்த வாரங்கள் சுமார் 30. ஆக 60 இரவு. ராத்திரிச் சாப்பாடும் காலை இட்டிலியும் சேர்த்து விருந்தாளி விலை 2 ரூபாய்க்குக் குறையாது. 120 ரூபாய். இருநூற்றுச் சொச்சத்தில் பாதிக்கு மேல் நான். அந்த மாட்டில் நாலு காலில் இரண்டு கால் என்னுடையது. அதை விற்ற கையோடு அந்த மனிதர் எனக்கு முறுக்கும் வாங்கி வந்திருக்கிறார்.

மாணவர் விடுதி மலிவு என்கிறோமே, அந்த மலிவைப் பற்றி அன்று இரவு நிறைய யோசித்தேன். தூக்கம் வராவிட்டால் யோசனைதானே துணை! லாட்ஜில் கொடுக்க வேண்டியதைக் காட்டிலும் மிகக் குறைவாக இங்கே கொடுக்கிறேன். குறைந்த தொகை எங்கே போயிற்று? அதை யாரோ கொடுத்திருக்கிறார்கள். படுக்கைக்கு முழு விலை எப்போதும் உண்டு. படுக்கிறவன் அதில் ஒரு பங்குதான் கொடுக்கிறான்.

நம் பக்கத்தில் இது பழைய சமாசாரம். திருச்சியில் லால்குடிக்குப் பஸ் ஏறும் இடத்துக்குச் சத்திரம் பேருந்து நிலையம் என்றுதான் பெயர். தஞ்சைச் சீமையில் சரபோஜி மன்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பெயரால் கட்டிய சத்திரத்தில், வழிப்போக்கருக்குச் சோறு போட்டதோடு பிள்ளைகளைத் தங்க வைத்துச் சாப்பாடு போட்டுப் படிப்பும் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு நிலங்களின் வருமானம் இருந்தது. அந்த நிலத்தை உழுதவன் கொடுத்தது அது. சத்திரம் இல்லாத ஊரில் ஏழைப் பிள்ளை வாரச் சாப்பாடு சாப்பிட்டான்: திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை ஒரு வீடு. ஏழு வீட்டு அம்மாமார்கள் சேர்ந்து ஒரு படிப்பை முடித்து வைத்தார்கள். அரசாங்கம் நடத்தும் மாணவர் விடுதிகளுக்கு 2025-ல் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வைத்தபோது சிலர் பெயரைப் பற்றி விவாதித்தார்கள். எனக்கு அந்த விடுதிகளில் எரியும் அடுப்பின் ஞாபகம்தான் வந்தது. அதற்கு விறகு கொடுப்பது ஊரார் வரிப்பணம்.

கடல் கடந்து போனாலும் கதை இதுதான். சேலத்தில் 1876-ல் பிறந்த கே.டி. பால் என்ற தமிழர், லண்டனில் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் அறை கிடைக்காமல் திண்டாடுவதைக் கண்டு, ஒய்.எம்.சி.ஏ.யின் சார்பில் 1920-ல் அங்கே ஓர் இந்திய மாணவர் விடுதி ஏற்படுத்த முன்னின்றார். பிட்ஸ்ராய் சதுக்கத்தில் 1953-ல் அதற்குப் புதுக் கட்டடம் வந்தது. மாணவர்கள் மட்டுமல்ல, ஊர் பார்க்கப் போகிறவர்களும் அங்கே தங்கிச் சாம்பார் ஞாபகத்தைத் தணித்துக்கொண்டு வருகிறார்கள். எடின்பரோவில் ஆகஸ்ட் மாதம் பெரிய கலை விழா நடக்கும்போது, பல்கலைக்கழகத்து மாணவர் அறைகள் விருந்தாளிகளுக்கு வாடகைக்கு வரும். ஆக்ஸ்போர்டு கல்லூரிகளிலும் லீவில் அப்படி அறை கொடுக்கிறார்கள். பிள்ளைகள் இல்லாத மாதத்தில் வருகிற அந்த வாடகை, கல்லூரிச் செலவுக்கு ஒரு கை கொடுக்கிறது. ஆக, லீவில் தங்கும் விருந்தாளி ஒருவன்தான் ஹாஸ்டல் உலகத்தில் தன் கணக்கைத் தானே கட்டுகிற விருந்தாளி. இதை நினைத்ததும் என் 300 ரூபாயின் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை ஏற்பட்டது.

மணி பத்தாகிவிட்டது. போனை எடுத்து மணப்பாறையைக் கூப்பிட்டேன். அவன் இப்போது மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறான்.

"என்னடா லால்குடி, இந்நேரத்துல? உடம்பு கிடம்பு...?"

"ஒண்ணுமில்லை. எங்கேயிருந்து பேசறேன் சொல்லு பார்ப்போம். திருச்சியில, ஒரு ஹாஸ்டல் ரூம்ல."

ஒரு நிமிஷம் பேச்சில்லை. பிறகு தணிந்த குரலில் சொன்னான்: "மணி பத்தாயிடுச்சுடா. லைட்டை அணை. வார்டன் வருவாரு."

இரண்டு கிழவர்கள் வெகு நேரம் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு கேட்டேன்.

"ஏண்டா, அந்த மாட்டுக்கு அப்புறம் வேற மாடு வாங்கினீங்களா?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. "எதுக்கு இப்ப அதெல்லாம்?" என்றான்.

"சொல்லேன்."

"உடனே வாங்கல்லே. நான் வேலைக்குப் போய் ரெண்டு வருஷம் கழிச்சு வாங்கிக் கொடுத்தேன். அதுவரைக்கும் அம்மா அடுத்த வீட்டுல பால் வாங்கினாங்க. தங்கச்சிதான் அப்ப சின்னவ..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "விடுடா. அம்பது வருஷம் ஆச்சு."

"வீடு வித்துப் பணம் வரப் போகுது. அந்தப் பணத்தை..."

"டேய், எனக்கு நீ பணம் கொடுக்கப் போறியா? வைடா போனை!" என்றான் கோபமாக. ஆனால் வைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "எந்த ஹாஸ்டலா இருந்தாலும் பாக்கி வெச்ச பையன் ஒருத்தன் இருப்பான். போய்க் கேட்டுப் பாரு" என்றான்.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் லால்குடிக்கு அலைந்தேன். சத்திரத்தில் பஸ் ஏறினால் காவேரி, திருவானைக்காவல், கொள்ளிடம், நம்பர் 1 டோல்கேட். மே மாதத்துக் கொள்ளிடம் கண்ணுக்கெட்டிய மட்டும் மணல். 1928-ல் கட்டிய பழைய பாலம் 2018-ஆம் வருஷத்து வெள்ளத்தில் இடிந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே புதுப் பாலம் வந்துவிட்டது. சப்தரிஷீசுவரர் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பத்திர ஆபீஸுக்குப் போனேன். கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள், காமிராவைப் பார்க்கச் சொன்னார்கள், கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் பிறந்த வீடு என் கையை விட்டுப் போவதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வாங்கியவர் நல்ல மனிதர். "எப்ப வேணுமானாலும் வந்து பாருங்க ஐயா" என்றார். அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது: இனிமேல் லால்குடியில் நான் விருந்தாளி.

மறுநாள் காலை ஹாஸ்டல் ஆபீஸுக்குப் போனேன். நாலு நாள் வாடகை 1,200 ரூபாய். அதே தடித்த நோட்டில் வெளியே போகும் நேரத்தைக் குறித்தேன். அதன் மேலேயே என் 'நிரந்தர முகவரி' இருந்தது. வந்தபோது உண்மையாக இருந்தது, போகும்போது பொய்யாகிவிட்டது. அடிக்க மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

பிறகு குமாஸ்தாவிடம் மெதுவாகக் கேட்டேன், மெஸ் பாக்கியால் பரீட்சைக்குத் திண்டாடுகிற பையன்கள் யாராவது உண்டா என்று.

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "வருஷா வருஷம் இருப்பாங்க சார். ஆனா பேரெல்லாம் சொல்ல முடியாது."

"பேர் வேண்டாம். ஒரு பையன் பாக்கி எவ்வளவு என்று சொல்லுங்கள், போதும்."

கம்ப்யூட்டரில் எதையோ தேடி ஒரு தொகை சொன்னார். அது எனக்கு வந்த பங்கில் ஒரு தூசு. அந்தப் பையனின் வீட்டில் அது எத்தனை காலுள்ள பிராணி என்பது எனக்குத் தெரியாது. கட்டினேன்.

ரசீது போடுவதற்காக அவர் கேட்டார்: "எதுக்குன்னு போடறது சார்? நன்கொடைன்னு போடட்டுமா?"

"நன்கொடை இல்லை. கெஸ்ட் சாப்பாடு என்று போடுங்கள். பழைய பாக்கி."

அவர் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார்.

"பழைய பாக்கிக்கு அப்படி ஒரு தலைப்பு இதுல இல்லையே சார். 'இதர வரவு'ன்னு போட்டுடட்டுமா?"

சரி என்றேன்.